இரும்பு குடிக்கும் முன்

ரங்கசாமி: “…மழை ஓய்ந்தது, மலை இன்னும் ஓயவில்லை. கார்த்திகை பிறந்து நாள் சில ஆன பின்னும் பாறைதோறும் ஈரம் கசிகின்றது. விடியலில் இறங்கிய பனிப்புகை, உச்சிவேளை நெருங்கியும் சாமைக் கொல்லைகளை விட்டெழ மனமின்றிப் படுத்துக் கிடக்கின்றது. புளிய மரங்கள் தத்தம் நிழலைக் காணாமல் நிற்கின்றன. புள்ளினமும் குரலைத் தாழ்த்தியே பேசுகின்றது. பெருவேள்வி ஒன்று முடிந்து, புகை மட்டும் எஞ்சிய கூடத்தைப் போல, இம்மலைநாடு முழுதும் ஒரு நிறைவான சோர்வு…”

சத்தார்: ஐயா… ஐயா, ஒரு நிமிசம்.

ரங்கசாமி: சொல்லுங்கள் பாய்.

சத்தார்: எஞ்சினியருக்கு எழுதுன இந்த அறிக்கையில கொழா எப்ப வரும்?

ரங்கசாமி: வரும். மூன்றாம் பத்தியில் வரும்.

சத்தார்: மூணாவது பத்தியா! எஞ்சினியரு பன்னண்டு மணிக்கு ஜீப்புல வர்றாரு. இத குடுத்தீங்கன்னா மொத பத்தியிலயே தூங்கிடுவாரு.

ரங்கசாமி: தூங்கினால் நல்லது. விழித்திருந்தால் தொட்டியை அல்லவா பார்ப்பார்?

மங்கம்மாள்: தொட்டில பாக்கறதுக்கு இன்னா ஐயா இருக்குது? மூணு நாளா காஞ்சி கெடக்குது. உள்ள பல்லி ஓடுது. முப்பத்திரண்டு பொண்ணுங்களுக்கு நான் ஒருத்தி கொடத்துல தூக்கியாந்து ஊத்தறேன். அடுப்பப் பாக்கறதா, தண்ணியப் பாக்கறதா?

ரங்கசாமி: அறிவேன் அம்மா. இந்த விடுதிக்கு நீ சமையற்காரி மட்டும் அல்ல. இந்த மூன்று நாளும் நீயே ஆறு, நீயே குளம்.

மங்கம்மாள்: ஆறாவது கொளமாவது… இடுப்பு வுட்டுப் போச்சு.

சத்தார்: ஐயா, எஞ்சினியரு ஆய்வுக்கு வர்றார்னு வந்த அந்தக் கடுதாசியில இன்னா போட்டிருந்துச்சுன்னு இன்னொரு தரம் சொல்லுங்க.

ரங்கசாமி: “இன்று நண்பகல் ஆய்வின்போது குழாயில் நீர் வரக் காணாவிடில், இப்பெண்கள் விடுதி தை முதல் நாளன்று ஒடுகத்தூருக்கு மாற்றப்படும்.” ஒரே வரி. பருவ வருணனை ஏதும் இல்லை.

மங்கம்மாள்: மலைக்குக் கீழ ஒடுகத்தூருக்குப் போனா எந்த மலைக்காரன் பொண்ண அனுப்புவான்? எம் பொண்ணு செந்தாமரை பத்தாவது வந்துட்டா. இப்பவே எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு… கீழ அனுப்ப மாட்டேன், ஆட்ட ஓட்டிக்கினு போவட்டும்னு.

சத்தார்: வரும்மா, தண்ணி வரும். நேத்தே அடைப்ப எடுத்துட்டேன்.

ரங்கசாமி: காற்றடைப்புத்தானே, பாய்?

சத்தார்: காத்தடைப்புதான் ஐயா. கொழா மேடு ஏறி எறங்குற எடத்துல காத்து நின்னுக்கும். மனுசனுக்கு வயித்துல நிக்குதே, அந்த மாரி.

ரங்கசாமி: அதை அறிக்கையில் அவ்வாறே எழுத இயலாது. ஆனால்… நேற்றுப் பிற்பகல் முழுவதும் சுனைப் பக்கம் உளிச்சத்தம் கேட்டதே. காற்றை உளியால் செதுக்கினீர்களோ?

சத்தார்: அது… சுனைய சுத்திக் கட்டுன பெட்டியில சிமிட்டி கொஞ்சம் பிதுங்கி இருந்துச்சு. தட்டி வுட்டேன்.

ரங்கசாமி: ஓ.

சத்தார்: இப்ப பெட்டி நெறையணும். அப்புறம் தொண்ணூறு கொழாயும் நெறையணும். அதான் நேரமாவுது.

ரங்கசாமி: முன்பெல்லாம் பெட்டி நிறையாமலே நீர் வந்ததே. உள்ளங்கை ஆழம் இருந்தாலே போதும் என்றீர்கள்.

சத்தார்: இப்ப… கொஞ்சம் ஒசரத்துல வாங்குது.

ரங்கசாமி: ஓ.

சத்தார்: இன்னா ஐயா, எல்லாத்துக்கும் ‘ஓ’ன்றீங்க?

ரங்கசாமி: தமிழில் அதற்கும் இடம் உண்டு பாய்.

சத்தார்: இன்னொண்ணு. எஞ்சினியரு பெட்டியோட சாவி கேப்பாரு. மூடிய பூட்டி வைக்கணும், சாவி வார்டன் கையில இருக்கணும்னு சட்டமா பேசிட்டுப் போனாரு. எடுத்து வச்சிக்கங்க.

ரங்கசாமி: சாவி பத்திரமாக இருக்கிறது.

சத்தார்: எங்க?

ரங்கசாமி: பத்திரமான இடத்தில். நான் சென்று நல்ல சட்டை ஒன்று மாட்டி வருகிறேன். பிள்ளைகள் வரவேற்புப் பா பாட இருக்கிறார்கள்; இரண்டாம் அடியில் எல்லாரும் ஒருசேரத் தடுக்கி விழுகிறார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தண்ணீர் வந்தால் குரல் கொடுங்கள்.

மங்கம்மாள்: …போயிட்டாரா?

சத்தார்: போயிட்டாரு. மறதிக்கார மனுசன். சாவி எங்க வச்சோம்னு அவருக்கே தெரியாது. அதான் ‘பத்திரம் பத்திரம்’ன்றாரு.

மங்கம்மாள்: பாய்… நான் ஒண்ணு சொல்லணும்.

சத்தார்: சொல்லுவ, சொல்லுவ. மொதல்ல இங்க வா. கொழாய்ல காத வை.

மங்கம்மாள்: ஜில்லுனு இருக்குது.

சத்தார்: கண்ண மூடிக்க. இன்னா கேக்குது?

மங்கம்மாள்: யாரோ… தூங்கற மாரி. மூச்சு வுடற மாரி.

சத்தார்: அதான் காத்து. தண்ணி தனியா வராது. முன்னால காத்தத் தள்ளிக்கினு வரும்.

மங்கம்மாள்: இப்ப அது எங்க இருக்குது?

சத்தார்: இரு… கடுக்கா மரத்தாண்ட. இருவதாவது கொழா. அங்க ஒரு ஜாயிண்டுல சணல் சுத்திக்கினு இருந்தேன், மயிலு ஒண்ணு வந்து கொழா திருப்பற என் ரிஞ்சுமேல நின்னுக்கிச்சு. நவுருன்னா நவுரல. அரமணி நேரம் நானும் ஒக்காந்துட்டேன். அந்த எடத்துல தண்ணி கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.

மங்கம்மாள்: மயிலு இருந்ததுக்காவா?

சத்தார்: வாட்டம் கம்மி. மயிலுன்னும் வச்சிக்கயேன்.

மங்கம்மாள்: அப்புறம் எங்க வரும்?

சத்தார்: அப்புறம் சரிவு… குப்பன் சாமைக் கொல்லை… கதிரு அறுத்து வெறும் தாளா நிக்குது பாரு, அதுக்குக் கீழ. அங்க ஓடியாரும், சின்னப் புள்ள மாரி. கேளு… கேக்குதா?

மங்கம்மாள்: கேக்குது. சலங்க கட்டிக்கினு யாரோ… ரொம்ப தூரத்துல.

சத்தார்: அதான்.

மங்கம்மாள்: பாய், இந்த வழியெல்லாம் என் காலுக்குத் தெரியும். கண்ண மூடிக்கினே நடப்பேன். பன்னண்டு வருசமா வெடியக்காலைல அதே வழியில போறேன், வர்றேன். இப்ப கேட்டா… நான் நடக்கறது எனக்கே கேக்கற மாரி இருக்குது.

சத்தார்: பன்னண்டு வருசமா?

மங்கம்மாள்: செந்தாமரைக்கு மூணு வயசு. காய்ச்சலு வந்து ஏழு நாளா கண்ணே தொறக்கல. சந்தவாசல்ல இருந்து ஒரு மருந்துக்காரரு வந்தாரு, பாத்தாரு, ஒண்ணும் பேசாம போயிட்டாரு. நான் சுனைக்கி ஓடுனேன். அங்க எங்க மலை சாமி வேடியப்பன் கல்லு இருக்குது இல்ல… அது முன்னாடி வுழுந்து, ‘எம் பொண்ண எனக்குக் குடு, பன்னண்டு வருசம் மொதல் தண்ணி எங் கையால உனக்கு, அப்புறம்தான் எங்களுக்கு’ன்னு நேந்துக்கினேன். வூட்டுக்கு வந்தா… ‘எம்மா, பசிக்குது’ன்றா.

சத்தார்: அல்லா.

மங்கம்மாள்: இந்த கார்த்திகை தீபத்தோட முடியுது. இன்னும் பதினோரு நாளு. ஒரு நாளு வுட்டதில்ல பாய். அடை மழையில போனேன். ஒடம்பு முடியாத நாளுல எங் கைக்கு பதிலா எங்க அண்ணி போனா. சுரக்குடுக்கையில மொண்டு, கல்லு மேல ஊத்தி, பூ வச்சுட்டு வருவேன். அந்தத் தண்ணிய சாமிக்கு முன்ன இரும்பு தொடக்கூடாது. அது எங்க மலை வழக்கம்.

சத்தார்: ஐப்பசியில நான் வந்து இரும்புக் கொழாய அது வாயிலயே சொருவுனேன்.

மங்கம்மாள்: நீங்க இன்னா பண்ணுவீங்க, ஒங்க வேல.

சத்தார்: அன்னைக்கி நீ தூரமா நின்னு பாத்துக்கினு இருந்தே. ஒரு வார்த்த சொல்லல. எங் கால் செருப்பத்தான் பாத்தே. அப்பறம் நான் பையில இருந்து வாணியம்பாடி தோலு வாஷர எடுத்தேன், வால்வுக்குப் போட. அதையும் பாத்தே. எனக்குச் சுருக்குனு ஆச்சு.

மங்கம்மாள்: ஆனா தோலு போடலியே நீங்க? சணலத்தான் சுத்துனீங்க.

சத்தார்: நீ பாத்த பார்வையில தோலு சுருங்கிப் போச்சு.

மங்கம்மாள்: போங்க பாய்… சிரிக்க வைக்காதீங்க. நான் சொல்ல வந்தது வேற. அடிச்சாலும் அடிச்சுக்கங்க.

சத்தார்: எங்க வூட்டுல எம் பொஞ்சாதி ஷம்ஷாத்தே என்ன அடிப்பா. நான் யாரையும் அடிச்சதில்ல. சொல்லு.

மங்கம்மாள்: பெட்டி கட்டுனப்புறம் ராவெல்லாம் தண்ணி கொழாய்ல போயிக்கினே இருக்குது. வெடியக்காலைல போனா உள்ள உள்ளங்கை ஆழம். குடுக்க முங்கல. இரும்பு குடிச்சு மீதிதான் அது. சாமிக்கு எப்பிடி எச்சிலக் குடுக்கறது? அதனால…

சத்தார்: அதனால?

மங்கம்மாள்: ஒரு துணிய சுருட்டி கொழா வாயில அடைச்சேன். கொஞ்ச நேரத்துல தண்ணி ஏறி நிக்கும். மொண்டு சாமிக்கு ஊத்துவேன். ஊத்திட்டு துணிய உருவிக்கினு வந்துருவேன். பொண்ணுங்க எந்திரிக்கறதுக்குள்ள தொட்டிக்கு தண்ணி வந்துரும். இருவது நாளா அப்பிடித்தான். ஆருக்கும் தெரியாது.

சத்தார்: பூட்டு?

மங்கம்மாள்: பூட்டு சும்மாதான் தொங்கும். ஐயா எப்பவும் பூட்ட மறந்துருவாரு.

சத்தார்: ஆமா… எனக்கும் அது தொறந்துதான் கெடந்துச்சு. சரி, அப்புறம்?

மங்கம்மாள்: மூணு நாளு முன்ன… கல்லாண்ட பூ வச்சுட்டுத் திரும்பறேன், துணியக் காணம். உள்ள இழுத்துக்கிச்சு பாய். கை வுட்டுத் தேடுனேன், தோளு வரைக்கும் வுட்டேன். ஆப்படல. காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடைச்சது நானு. எம் பொண்ணுக்காக நேந்துக்கிட்டு, எம் பொண்ணு படிப்புக்கே… முப்பத்திரண்டு பொண்ணுங்க பாய்! ஐயாட்ட சொன்னா என்ன அனுப்பிடுவாரு. சொல்லலன்னா…

சத்தார்: பச்சத் துணி. மஞ்சக் கரை.

மங்கம்மாள்: …ஐயோ.

சத்தார்: இந்தா. தொவச்சி காய வச்சிருக்கேன். முப்பத்தஞ்சாவது கொழாய அடுத்ததோட சேக்குற யூனியனுல மாட்டிக்கினு இருந்துச்சு. நேத்து சாயந்தரம் எடுத்தேன்.

மங்கம்மாள்: தெரிஞ்சிதான் இவ்ளோ நேரம்…! ‘காத்தடைப்பு, காத்தடைப்பு’ன்னு ஐயாட்ட…

சத்தார்: வேற இன்னா சொல்லச் சொல்ற? பொடவ அடைப்புன்னா?

மங்கம்மாள்: காலைல இருந்து என் உசுரு போய் வந்துச்சு. நீங்க பாட்டுக்கு டீ குடிச்சுக்கினு இருந்தீங்க!

சத்தார்: நேத்து வெடியக்காலைல நான் மேல வந்தேம்மா. பனி. ஆளு தெரியல, குரலு மட்டும் கேட்டுச்சு. ‘உனக்கு மட்டும் வெள்ளமா வருதே சாமி, எம் புள்ளைங்களுக்கு ஒரு சொட்டு இல்லியே, இது ஞாயமா’ன்னு நீ சண்டப் போட்டுக்கினு இருந்தே. நான் மரத்துக்குப் பின்னால நின்னுட்டேன். நீ போனப்புறம் போய்ப் பாத்தேன். கல்லு நனைஞ்சிருக்குது. பூவு புதுசு. அடியில மஞ்சத்துணியில ஏதோ முடிஞ்சி…

மங்கம்மாள்: அது நான் வச்சதில்ல. ஐப்பசியில இருந்து இருக்குது. யாரோ நேந்துக்கிட்டு காசு முடிஞ்சி வச்சிருக்காங்க. அடுத்தவங்க முடிப்ப அவுக்கக் கூடாது. நான் அத நவுத்தாமலே தண்ணி ஊத்தறது.

சத்தார்: நானும் தொடல. ஆனா அங்க நின்னப்பதான் ஒரு ரோசன வந்துச்சு. அதான் உளி சத்தம்.

மங்கம்மாள்: பெட்டிய இன்னா பண்ணீங்க?

சத்தார்: இரும்புக் கொழா வாயில எல்போன்னு ஒரு வளைவ மாட்டி, ஒரு மொழம் துண்டு வச்சு மேல பாக்க நிமித்தி வுட்டேன். வாயில சல்லட. இனிமே துணி போவாது, தவள போவாது. இப்ப இரும்பு குடிக்கணும்னா பெட்டியில தண்ணி முக்கால்வாசி ஏறணும். புரியுதா? அந்த வாய்க்கு ரெண்டு வெரக்கட கீழ, செவுத்துல ஒரு ஓட்ட. அதுல மூங்கில் கொழா. சுண்டு வெரலு மொத்தம்தான். ராவும் பகலும் நூலு கணக்கா வெளிய வுழும். அது போவ மீதி ஏறினாத்தான் இரும்புக்கு.

மங்கம்மாள்: அப்ப… மொதல் தண்ணி…

சத்தார்: உங்க சாமிக்கு. மூங்கிலு வழியா. இரும்பு தொடாம.

மங்கம்மாள்: மூங்கிலு வழியாவா…

சத்தார்: இன்னாம்மா? வழக்கத்துல தப்பாயிடுச்சா? மூங்கிலு ஆவாதா?

மங்கம்மாள்: ஆவும் பாய். ஆனா… ‘எங் கையால’ன்னு இல்ல நேந்துக்கினேன்? தண்ணி தானா வுழுந்தா என் கை எங்க இருக்குது?

சத்தார்: அதத்தான் யோசிச்சேன். மூங்கில கல்லுக்கு நேரா வைக்கல. ஒரு சாண் தள்ளி வச்சிருக்கேன். நீ குடுக்கைய அதுக்கு அடியில புடி, நெறையும். அப்பறம் உங் கையால ஊத்து. பதினோரு நாளும்.

மங்கம்மாள்: தீபத்துக்கு அப்பறம்?

சத்தார்: மூங்கில ஒரு சாண் திருப்பி வுடு. நேரா அவரு தலைல வுழும். நீ ராத்திரி நிம்மதியா தூங்கு… ஏம்மா, அழுவாத. கொழாய்ல காத வச்சிக்கினு அழுதா எனக்கு ஒண்ணும் கேக்காது.

மங்கம்மாள்: எனக்கும் கேக்கல பாய்.

சத்தார்: இன்னா கேக்கல?

மங்கம்மாள்: அந்த மூச்சு. நின்னு போச்சு.

சத்தார்: நவுரு… நவுரு, நான் பாக்கறேன்… ஆமா. நின்னு போச்சு.

மங்கம்மாள்: சாமிதான். அவருக்குப் புடிக்கல. நான் எச்சிலு பண்ணிட்டேன், துணியப் போட்டு…

சத்தார்: சாமி இல்லம்மா. நான் சொன்ன பொய்யி. ஐயாட்ட காத்தடைப்புன்னேன் இல்ல? இப்ப நெசமாவே வந்து ஒக்காந்துக்கிச்சு. யானப்பாற மேட்டுல. அதோ, அங்க தெரியுது பாரு, கொழா முதுவு ஒசந்து… கொழாய எல்லாம் வெறுமையாக்கிட்டு திரும்ப வுட்டேன் இல்ல, காத்துக்கு வழி வைக்க மறந்துட்டேன். மூங்கில் நெனப்புல.

மங்கம்மாள்: இப்ப இன்னா பண்றது?

சத்தார்: மேட்டுல இருக்கற யூனியன ஒரு சுத்து தளத்தணும். காத்து வெளிய போனதும் இறுக்கிடணும். மணி இன்னா?

மங்கம்மாள்: ஐயா பொண்ணுங்கள பாட வுட்டுட்டாரு. அப்ப பதினொண்ணர.

சத்தார்: எம் முட்டிய வச்சிக்கினு நான் ஏறிப் போயி சேர்றதுக்குள்ள ஜீப்பு வந்துரும்.

மங்கம்மாள்: குடுங்க அத.

சத்தார்: எத?

மங்கம்மாள்: அந்த இரும்பு. ரிஞ்சு. நான் போறேன்.

சத்தார்: உனக்குத் தெரியுமா?

மங்கம்மாள்: ரெண்டு நாளா பாத்துக்கினு தானே இருந்தேன், வயித்துல நெருப்பக் கட்டிக்கினு. பொடவைய சொருவிக்கினா நாலு எட்டு. இங்க இருந்து கத்துங்க.

சத்தார்: பாத்து போம்மா! பாற வழுக்கும்!

மங்கம்மாள்: எங்க பாற… எனக்கா… சொல்றீங்க!

சத்தார்: ஆப்பிட்டுதா? உருண்டையா இருக்கும்! ஆறு பட்ட!

மங்கம்மாள்: ஆப்பிட்டுச்சு!

சத்தார்: ரிஞ்சு வாய கவ்வக் குடு! எடது பக்கம் திருப்பு!

மங்கம்மாள்: எடதுன்னா எது பாய்? சோறு தின்ற கையா?

சத்தார்: தின்னாத கை! தின்னாத கைப் பக்கம்!

மங்கம்மாள்: வரல!

சத்தார்: தம் புடிச்சு இழு! எஞ்சினியர நெனச்சிக்கினு இழு!

மங்கம்மாள்: …வந்துருச்சு! யம்மாடி! சீறுது பாய்! நாகம் மாரி சீறுது!

சத்தார்: வுடு! நல்லா சீறட்டும்! கிட்ட மொகத்தக் காட்டாத! தண்ணி வந்தா சொல்லு!

மங்கம்மாள்: காத்துதான்… காத்துதான்… இன்னும் காத்துதான்…

சத்தார்: மூணு நாளு காத்து ஆச்சே! பொறுமையா இரு!

மங்கம்மாள்: தண்ணி! பாய், தண்ணி! என் மேல எல்லாம்! சேறாட்டம்… இல்ல, தெளிஞ்சி வருது!

சத்தார்: இறுக்கு! தின்ற கைப் பக்கம்! இறுக்கிட்டு வா!

ரங்கசாமி: என்ன பாய், மலையோடு வாதம் செய்கிறீர்கள்? பாடல் இரண்டாம் அடி வரை வந்துவிட்டது. உங்கள் ‘தின்ற கை’யைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பில் விழுந்துவிட்டார்கள்.

சத்தார்: ஐயா, வாங்க. சட்ட நல்லா இருக்குது. காத்தடைப்பு ஐயா.

ரங்கசாமி: இன்னுமா?

சத்தார்: இது வேற. இது நெசம்… இல்ல, அதுவும் நெசம்தான்… ஐயா, கேள்வி கேக்காதீங்க, கொழாயப் பாருங்க.

ரங்கசாமி: பார்க்கிறேன். கீழ்வளைவில் ஜீப்பின் ஊதலும் கேட்கிறது.

மங்கம்மாள்: வந்துருச்சா? வந்துருச்சா?

சத்தார்: மூச்சு வாங்கு மொதல்ல. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கற… இரு, இரு. இருமுது. கொழா இருமுது.

ரங்கசாமி: ஒரு சொட்டு.

மங்கம்மாள்: அது நேத்து சொட்டாயிருக்கும், ஒட்டிக்கினு இருந்தது…

சத்தார்: பேசாதீங்க. பேசாதீங்க ரெண்டு பேரும்.

மங்கம்மாள்: …

ரங்கசாமி: …

சத்தார்: பிஸ்மில்லா!

மங்கம்மாள்: வேடியப்பா!

சத்தார்: பாத்தீங்களா ஐயா! கை கனத்துக்கு வுழுது! பல்லி எங்க ஓடுது பாருங்க, குளிக்கப் பயந்துக்கினு!

மங்கம்மாள்: பாய், நீங்க குடிங்க மொதல்ல. இந்தக் குடுக்கையில புடிச்சிருக்கேன்.

சத்தார்: இது சாமிக்கு ஊத்தற குடுக்கை ஆச்சேம்மா. நான் வாய வைக்கலாமா?

மங்கம்மாள்: அவரு குடிச்சு மீதிதான் இது. ஒங்களுக்கில்லாம வேற ஆருக்கு?

சத்தார்: …நல்லா இருக்குது. மூங்கிலு வாசன கூட… இல்ல, அது என் நெனப்பு. ஐயா, இன்னாத்துக்கு செருப்பக் கழட்டறீங்க? தரையெல்லாம் சேறு.

ரங்கசாமி: இருக்கட்டும். சுனை இருக்கும் திசை இதுதானே?

மங்கம்மாள்: இதான் ஐயா. கடுக்கா மரத்துக்கு நேரா.

ரங்கசாமி: சிறிது நேரம்… ஒன்றும் பேச வேண்டாம்.

மங்கம்மாள்: பாய், ஐயா கும்புடறாரு. சேத்துலயே மண்டி போட்டுட்டாரு, புதுச் சட்டையோட.

சத்தார்: ஷ்… நீயும் கும்புடு. நானும் தொப்பிய சரி பண்ணிக்கறேன்.

மங்கம்மாள்: …எந்திரிங்க ஐயா. ஜீப்பு புளியமரத்தாண்ட திரும்பிடுச்சு.

ரங்கசாமி: வரட்டும். பாய், அறிக்கையின் இறுதிப் பத்தியைக் கேட்டுவிடுங்கள். நேற்றிரவே எழுதியது. “சுனைப்பெட்டியில் உட்கொள் குழாய் ஒரு முழம் உயர்த்தப்பட்டது. வடிகட்டி ஒன்று. உபரி நீர் வழி, மூங்கிலால் ஆனது, ஒன்று. அடைப்பின் காரணம்: காற்று.”

சத்தார்: ஐயா… மூங்கிலப் பத்தி நான் ஒங்கள்ட்ட சொல்லவே இல்லியே.

ரங்கசாமி: இல்லை. சொல்லவில்லை. நேற்று உளிச்சத்தம் ஓய்ந்தபின் நானே ஏறிச் சென்று பார்த்தேன்.

மங்கம்மாள்: நேத்து ராவே எழுதுனீங்களா? அப்ப… எல்லாம் தெரியுமா ஐயா? துணியும்?

ரங்கசாமி: துணி எனக்குத் தெரியாது. மஞ்சள் கரை இட்ட பச்சைத் துணி ஒன்று, பாயின் கொடியில் நேற்றுக் காய்ந்துகொண்டிருந்தது. அது யாருடையதென்று நான் கேட்கவில்லை.

சத்தார்: மறதிக்காரருன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்…

மங்கம்மாள்: அதெல்லாம் போவட்டும். எஞ்சினியரு சாவி கேப்பாரே! பூட்டு வேற தொறந்து தொங்குது. இப்பவாச்சும் எங்க வச்சீங்கன்னு சொல்லுங்க ஐயா, நான் ஓடிப் போய் எடுத்தாறேன்.

ரங்கசாமி: எடுக்க வேண்டாம் அம்மா. கேட்டால், அதை வைக்க வேண்டியவரிடம் வைத்தது நானே என்று சொல்லி, வருவதை ஏற்றுக்கொள்கிறேன். நீ அந்த மஞ்சள் முடிப்பை அவிழ்க்காமல் விட்டாயே, அதுவே போதும். அதில் இருப்பது காசு அன்று. பெட்டிக்கு மூடி போட்ட அன்று, நீ எட்ட நின்று பார்த்ததை நானும் பார்த்தேன். அன்று மாலையே பூட்டை வெறுமனே மாட்டிவிட்டு, சாவியை மஞ்சள் துணியில் முடிந்து வேடியப்பன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு விடியலிலும் நீ நீர் வார்த்தது அதன்மேல்தான்… உன் மகள் நெடுநாள் வாழ்க. பாய், உங்கள் கையும் காலும் நோவின்றி வாழ்க. யார் முதலில் குடித்தாலும், இந்தச் சுனை எல்லாருக்கும் மீதி வைக்கட்டும்.